சிவகாசிப் பிள்ளைகளிடம் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி

நாற்பது வருடங்களுக்கு முன்பு சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கே தீப்பெட்டி ஆபீஸ் என்று ஊரில் சொல்லும் ஆலையின் வண்டி வந்து நிற்கும். தூக்கம் கலையாத பிள்ளைகளை அம்மாக்கள் கொண்டுவந்து ஏற்றிவிடுவார்கள். கையில் ஒரு தூக்குவாளி, அதில் பழைய சோறு. ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகள். அதைவிடச் சின்னதுகளும் உண்டு. ஆபீசில் சட்டத்தில் குச்சி அடுக்குவார்கள், பெட்டி ஒட்டுவார்கள், லேபிள் ஒட்டுவார்கள். இருட்டிய பிறகுதான் வீடு. அப்படிப் போனவர்களில் பெரும்பாலோர் பெண் பிள்ளைகள்.

இன்று அதே ஊர்களில் காலையில் சீருடையும் புத்தகப் பையுமாகப் பிள்ளைகள் பேருந்துக்கு நிற்கிறார்கள். பயராபீஸ் என்று சொல்லும் பட்டாசு ஆலையின் வண்டி இப்போதும் வருகிறது. அதில் ஏறுவது அவர்களுடைய அம்மாவும் அப்பாவும். ஒரு தலைமுறைக்குள் நடந்த இந்த மாற்றம் தமிழ்நாட்டின் பெரிய சமூகச் சாதனைகளில் ஒன்று என்று உறுதியாக நம்புகிறேன். அப்படி நம்புவதால்தான் அடுத்த கேள்வியைக் கேட்கத் தோன்றுகிறது. பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்த அந்தப் பிள்ளையின் மனம் எப்படி இருக்கிறது?

ஆபீசிலிருந்து பள்ளிக்கு

1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்க் கற்றுவந்து ஊன்றிய தொழில் தீப்பெட்டி. பின்னாலேயே பட்டாசும் அச்சும் வந்தன. மழை பொய்த்தால் எதுவும் விளையாத கரிசல் மண்ணுக்கு இந்தத் தொழில்கள் சோறு போட்டன. அதை மறந்துவிட்டு இந்த வட்டாரத்தைப் பற்றி யாரும் பேச முடியாது. ஆனால் கூலி எண்ணிக்கைக்குத்தான். எத்தனை சட்டம் அடுக்கினால் அத்தனைக்குக் காசு. அந்தக் கணக்கில் சின்ன விரல்களும் சம்பாதித்தன. அப்பா முன்பணம் வாங்கியிருந்தால் அதைக் கழிக்கும் பொறுப்பும் பிள்ளையின் தலையில் விழுந்தது.

1983இல் ஸ்மிது கோத்தாரி என்ற ஆய்வாளர் சிவகாசியின் குழந்தைத் தொழிலாளர்களைப் பற்றி எழுதிய கட்டுரை நாட்டைத் திரும்பிப் பார்க்கவைத்தது. சுமார் 45,000 பிள்ளைகள் இங்கே வேலை செய்கிறார்கள் என்ற மதிப்பீடு அப்போது பரவலாகப் பேசப்பட்டது. 1990இல் சலம் பென்னூர்கர் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படம் அந்த முகங்களை வெளியூர்க்காரர்களுக்குக் காட்டியது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று தந்த தீர்ப்பு இந்த வட்டாரத்தின் வரலாற்றில் ஒரு மைல்கல். ஆபத்தான தொழிலில் ஒரு பிள்ளையை வைத்திருந்தால் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும். அந்த வீட்டில் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு வழி செய்ய வேண்டும். முடியாவிட்டால் அரசு 5,000 ரூபாய் போட வேண்டும். அந்தப் பணத்தின் வட்டி பிள்ளையின் படிப்புக்குப் போக வேண்டும். தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகள், சத்துணவு, இலவசப் புத்தகம், சைக்கிள், அதிகாரிகளின் திடீர்ச் சோதனை, வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதிய ஆசிரியர்கள் எல்லாம் சேர்ந்து அந்த வண்டியைக் காலி செய்தன. 2016 திருத்தச் சட்டம், சில விதிவிலக்குகள் தவிர, பதினான்கு வயதுக்குக் கீழே எந்த வேலையும் கூடாது என்றும், பதினெட்டு வரை ஆபத்தான வேலை கூடாது என்றும் சொன்னது.

படிப்பிலும் இந்த மாவட்டம் பேர் வாங்கியது. 1985இல் ராமநாதபுரத்திலிருந்து பிரிந்த விருதுநகர், பொதுத்தேர்வுத் தேர்ச்சி விழுக்காட்டில் பல ஆண்டுகள் மாநிலத்தில் முதலிடம் பிடித்தது. 2017, 2018 இரண்டு ஆண்டும் பிளஸ் டூவில் 97 விழுக்காட்டுக்கு மேல் தேறி முதலில் நின்றது. 2025 பத்தாம் வகுப்பில் சிவகங்கைக்கு அடுத்து இரண்டாமிடம். தீக்குச்சி அடுக்கியவர்களின் பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் எழுதிய தேர்வுகள் இவை.

அன்றைக்கு மனச்சோர்வு இல்லையா?

இந்த வட்டாரத்தில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் பேசினால் ஒரு பேச்சு திரும்பத் திரும்ப வரும். “நாங்க எட்டு வயசுல ஆபீசுக்குப் போனோம். எங்களுக்கு வராத மன அழுத்தம் இந்தப் பிள்ளைகளுக்கு எங்கேருந்து வருது? சோறு இல்லையா, துணி இல்லையா?” அதில் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகம். தான் பட்ட பாடு பிள்ளை படக்கூடாது என்று உயிரைக் கொடுத்து உழைத்த ஒருவருக்கு, எல்லாம் கிடைத்த பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது புரியவில்லை.

ஆனால் அன்றைக்கும் அது இருந்தது. பன்னிரண்டு மணி நேரம் குனிந்து உட்கார்ந்த பிள்ளை பேச்சுக் குறைந்து ஒடுங்கிப்போனால், உடம்புக்கு ஆகவில்லை என்றார்கள். வயதுக்கு வந்த பெண் காரணமில்லாமல் அழுதாலோ மயங்கி விழுந்தாலோ காத்துக் கருப்பு என்று கோடாங்கியிடம் கூட்டிப் போனார்கள். வேலைக்குப் போக மாட்டேன் என்ற பையனுக்குச் சோம்பேறி என்று பேர், கூடவே அடி. முற்றிப்போனால் தர்காவிலோ கோயிலிலோ கொண்டுபோய் விட்டார்கள். ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஒரு கொட்டகையில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தார்கள். மனம் நோகும் மனிதருக்கு நம் பக்கத்தில் அப்போது கிடைத்த சிகிச்சையின் நிலை அதுதான்.

அன்றைய பிள்ளைகளின் துயரத்தை யாரும் எண்ணவில்லை, அதனால் அது கணக்கில் இல்லை. அவர்கள் திடமாக இருந்தார்கள் என்று சொல்லி இன்றைய பிள்ளைகளைக் குறைசொல்வது இரண்டு தலைமுறைக்கும் செய்கிற அநியாயம்.

இன்று கொஞ்சம் எண்ணுகிறோம். நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில், 13 முதல் 17 வயதுக்குள் 7.3 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருந்தது. உலகளவில் 10 முதல் 19 வயதினரில் ஏழு பேரில் ஒருவருக்கு அப்படி இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நாற்பது, ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கும் ஒரு வகுப்பறையை மனதில் வைத்துப் பார்த்தால் எந்தக் கணக்கின்படியும் ஏறக்குறைய மூன்று பிள்ளைகளாவது அதில் இருப்பார்கள்.

பெற்றோரின் கடன், பிள்ளையின் பாரம்

மனச்சோர்வு ஒரே காரணத்தால் வருவதில்லை. குடும்பத்தில் முன்பே யாருக்காவது இருந்தது, பருவ வயதில் உடலிலும் மூளையிலும் நடக்கும் மாற்றங்கள், பணக்கஷ்டம், வீட்டுச் சண்டை, இழப்பு, அவமானம், தூக்கமின்மை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கின்றன. ஒரே வீட்டில் அண்ணன் தாங்கிக்கொள்வதைத் தம்பியால் தாங்க முடியாமல் போவதும் இதனால்தான்.

அன்று கடனைப் பிள்ளையின் கை கழித்தது. இன்று கடன் பெற்றோர் பெயரில் இருக்கிறது. மகளிர் குழுக் கடன், மைக்ரோ பைனான்ஸ் தவணை, இங்கிலீஷ் மீடியம் பள்ளிக் கட்டணம், ஒரு விசேஷத்துக்கு வாங்கிய வட்டிப் பணம். இதில் எதையும் பிள்ளைக்குத் தெரியாமல் வைக்க ஒற்றை அறை வீட்டில் இடமில்லை. தவணை கேட்டு ஆள் வரும் நாளும், “உன்னையாவது படிக்கவெச்சிடணும்னுதான் இந்தப் பாடு” என்று அம்மா சொல்லும் நாளும் ஒன்றாகவே இருக்கும். அன்பினால் சொல்வதுதான். கேட்கும் பதினைந்து வயதுக்கு அது வேறு மாதிரி விழுகிறது: இந்த வீட்டின் கஷ்டம் தீருவதும் தீராததும் என் மார்க்கில் இருக்கிறது.

தொழிலும் முன்புபோல நிலையாக இல்லை. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் சரவெடிக்குத் தடை விதித்தது, பேரியம் உப்பைப் பயன்படுத்தக் கூடாது என்றது, பசுமைப் பட்டாசுக்கு மட்டும் அனுமதி தந்தது. அந்தத் தீபாவளிக்குப் பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. தில்லியின் காற்றுக்கு அந்தத் தீர்ப்பு தேவைப்பட்டிருக்கலாம். அதன் விலையை வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்த அப்பாவும், அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்ட பிள்ளையும் கொடுத்தார்கள். அடுத்து 2020இல் கொரோனா. வேலையில்லாத நாட்களில் குடி கூடுகிறது, குடி கூடினால் சண்டை. அன்று சாராயம் காய்ச்சும் இடத்தைத் தேடிப் போக வேண்டும்; இன்று டாஸ்மாக் பேருந்து நிறுத்தத்தின் பக்கத்திலேயே இருக்கிறது. குடிக்கும் அப்பா வீட்டுக்கு வரும் நேரத்தைக் கணக்குப் பண்ணிப் பயத்தோடு படிக்கும் பிள்ளைகளுக்குப் படித்தது மனதில் நிற்காது.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். 1995இல் எட்டு வயதில் குச்சி அடுக்கிய பெண்ணுக்கு இப்போது நாற்பதுக்குப் பக்கத்தில் வயது. அவளுடைய மகள் இன்று பத்தாம் வகுப்பு. தாயின் மனச்சோர்வு பிள்ளைக்கும் ஆபத்தைக் கூட்டும் என்பது மருத்துவ உலகம் நன்றாக அறிந்த விஷயம். குழந்தைப் பருவமே இல்லாமல் வளர்ந்த ஒரு தாய்க்கு நாம் எந்தச் சிகிச்சையும் தரவில்லை. மகளைக் கவனிப்பதென்றால் அம்மாவையும் சேர்த்துத்தான் கவனிக்க வேண்டும்.

வெடிவிபத்துக்கு மறுநாள்

இந்த வட்டாரப் பிள்ளைகளின் துயரத்தில் வேறெங்கும் இல்லாத ஒன்று இருக்கிறது. காலையில் டிபன் பாக்ஸோடு போன அம்மா மாலையில் வருவாளா என்ற நிச்சயமின்மை. 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டியில் ஏறக்குறைய 40 பேர். 2021 பிப்ரவரி 12 அச்சங்குளத்தில் 20க்கும் மேல். 2023 அக்டோபரில் ரெங்கபாளையம், 2024 மே மாதம் செங்கமலப்பட்டி, 2025 ஜூலை 1 சின்னக்காமன்பட்டி. இவை பெரிதாகச் செய்தியில் வந்தவை மட்டும். ஓரிருவர் இறக்கும் விபத்துகள் உள்ளூர்ப் பக்கத்தோடு முடிந்துவிடும்.

அன்று வெடியில் பிள்ளைகளும் கருகினார்கள். இன்று பெரும்பாலும் பெற்றோர் போகிறார்கள், பிள்ளைகள் மிஞ்சுகிறார்கள். சத்தம் கேட்டவுடன் வகுப்பறையில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் ஜன்னலைப் பார்ப்பதும், எந்தப் பக்கம் புகை, எந்த ஆபீஸ் என்று கேட்பதும் இங்கே சகஜம். நெஞ்சு அடித்துக்கொள்ள ஆசிரியரின் போனுக்காகக் காத்திருப்பது ஒரு பிள்ளைக்கு எத்தனை முறை நடக்கலாம்? விபத்து நடக்காத வீட்டுப் பிள்ளைக்கும் இந்தப் பயம் உடம்பில் தங்கிவிடுகிறது. தூக்கத்தில் திடுக்கிடுவது, வயிற்றுவலி, சத்தம் கேட்டால் நடுங்குவது என்று அது வெளியே வரும்.

பெற்றோரை இழந்த பிள்ளைக்கு முதல் வாரம் ஊரே கூடும். அமைச்சர் வருவார், காசோலை வரும். காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகுதான் உண்மையான துக்கம் ஆரம்பிக்கிறது. பாட்டி வீட்டுக்கு மாற்றம், பள்ளி மாற்றம், நிவாரணப் பணத்துக்காகச் சித்தப்பா, மாமாக்களுக்குள் சண்டை. மூத்த பெண்ணாக இருந்தால் தம்பி தங்கைக்குச் சமைக்கும் பொறுப்பு. முதலிப்பட்டி வெடித்தபோது ஐந்து வயதாக இருந்த பிள்ளைக்கு 2025இல் பதினெட்டு. அந்தப் பதின்மூன்று வருடமும் அந்தப் பிள்ளையின் மனம் எப்படி இருந்தது என்பதற்கு எந்தப் பதிவேட்டிலும் ஒரு வரி கிடையாது.

இதில் ஒரு நல்ல அடி எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது. 2024 நவம்பரில் விருதுநகருக்கு வந்த முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், பட்டாசு ஆலை விபத்தில் இறந்த தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு உயர்கல்வி வரை ஆகும் செலவை அரசே ஏற்கும் என்று அறிவித்தார். அதற்காக முதலில் 5 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. மனமார வரவேற்க வேண்டிய திட்டம். பள்ளிக் கட்டணத்தோடு சேர்த்து, ஒரு மனநல ஆலோசகர் அந்தப் பிள்ளையைக் குறைந்தது இரண்டு வருடம் மாதாமாதம் போய்ப் பார்க்க வேண்டும் என்ற ஒரு விதியையும் அதில் எழுதிவிட்டால் போதும். இந்தியாவுக்கே முன்மாதிரியாகிவிடும்.

மதிப்பெண்ணும் ஒப்பீடும்

அன்று பள்ளியை விட்டவர்களை யாரும் தேடவில்லை. இன்று பள்ளியில் இருப்பவர்களை விடாமல் எண்ணுகிறோம். காலையில் சிறப்பு வகுப்பு, மாலையில் சிறப்பு வகுப்பு, வாரத் தேர்வு, முழுத் திருப்புதல். மாவட்டத்தின் முதலிடத்தைக் காப்பாற்றும் பொறுப்பு ஆட்சியரிடமிருந்து கல்வி அலுவலருக்கும், அவரிடமிருந்து தலைமையாசிரியருக்கும் இறங்கி, கடைசியில் பின்பெஞ்சில் இருக்கும் பையனின் தோளில் வந்து உட்காருகிறது. “உன் ஒருத்தனாலதான் நம்ம ஸ்கூல் சென்டம் போகுது” என்று ஒரு பிள்ளை கேட்டிருந்தால், தேர்ச்சி பெற்ற பிறகும் அந்தச் சொல் அவனை விட்டுப் போகாது.

அரசு சில முடிச்சுகளை அவிழ்த்தது உண்மை. தோற்ற பிள்ளை ஒரு வருடம் வீட்டில் ஒடுங்கிக் கிடக்க வேண்டியிருந்த காலம் போய், அந்த ஆண்டே துணைத்தேர்வு எழுதி மேலே படிக்கலாம் என்று ஆனது. சென்னையில் 1986இல் தற்கொலைத் தடுப்புக்காக ‘ஸ்நேஹா’ அமைப்பைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் போன்றோர் இதற்காகத் தொடர்ந்து குரல் கொடுத்தார்கள். 2017இல் மாநில ரேங்க் பட்டியல் வெளியிடுவதை அரசு நிறுத்தியது. 2025இல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வும் நீக்கப்பட்டது. ஆனால் அரசு நிறுத்திய ரேங்க், ஃபிளெக்ஸ் பலகைகளில் புகைப்படத்தோடு தெருவுக்குத் தெரு நிற்கிறது. நீட் வந்த பிறகு, ப்ளஸ் டூவில் நன்றாக எழுதிய பிள்ளையும் தோற்றவனாகத் தன்னை நினைத்துக்கொள்கிறது. நாட்டில் 2022இல் மட்டும் 13,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் தேர்வுதான் காரணம் என்பது தவறு. ஏற்கெனவே நிறைந்திருக்கும் குடத்தில் தேர்வு முடிவு கடைசிச் சொம்பாக விழுகிறது.

மதிப்பெண்ணைவிட ஆழமாகக் காயப்படுத்தும் ஒப்பீடும் இருக்கிறது. தென்மாவட்டப் பள்ளிகளில் கையில் கட்டும் வண்ணக் கயிறு எந்தச் சாதி என்று காட்டுகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனும் அவன் தங்கையும் சக மாணவர்களால் வீட்டுக்குள் புகுந்து வெட்டப்பட்டார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கையில் இந்தக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. தினமும் சிறுமைப்படும் பிள்ளைக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு அதிகம். அதை மருந்தால் மட்டும் தீர்க்க முடியாது. பள்ளியின் நடைமுறை மாற வேண்டும்.

கைபேசி, தூக்கம், தனிமை

அன்றைய ஆபீஸ் பிள்ளை தூங்காததற்குக் காரணம் விடியற்காலை வண்டி. இன்றைய பிள்ளை தூங்காததற்குக் காரணம் போர்வைக்குள் இருக்கும் போன். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், இடையில் மேல் வகுப்புகள் சில வாரங்கள் நடந்தது நீங்கலாக, ஒன்பது முதல் பன்னிரண்டு வகுப்புகளுக்கு 2021 செப்டம்பர் 1 அன்றும், சிறு வகுப்புகளுக்கு நவம்பர் 1 அன்றும்தான் திறந்தன. ஆன்லைன் வகுப்புக்கென்று கடன் வாங்கி வாங்கிய போன், வகுப்பு முடிந்த பிறகும் பிள்ளையின் கையிலேயே தங்கிவிட்டது. பெற்றோர் இருவரும் ஆபீசுக்குப் போன வீட்டில் பள்ளி விட்டு வரும் பிள்ளைக்குத் துணை அதுதான்.

போனை மட்டும் குற்றவாளியாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. கிராமத்தில் பேச ஆளில்லாத பிள்ளைக்கு அது ஒரு ஜன்னலாகவும் இருக்கிறது. ஆனால் பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். பருவ வயதில் உடலின் கடிகாரமே தள்ளிப்போய், இயல்பாகவே தூக்கம் தாமதமாகத்தான் வரும். அதோடு போனும் சேர்ந்து, காலை ஏழு மணிச் சிறப்பு வகுப்பும் சேர்ந்தால் தூக்கம் ஐந்து, ஆறு மணி நேரமாகச் சுருங்குகிறது. தூக்கம் குறைந்தால் மனம் சோரும். மனம் சோர்ந்தால் தூக்கம் வராது. இந்தச் சுழற்சியில் சிக்கிய பிள்ளையிடம் போனைப் பிடுங்கி எறிவதைவிட, இரவு பத்து மணிக்கு வீட்டிலுள்ள எல்லாருடைய போனையும் ஒரே இடத்தில் வைப்பது பலன் தரும். அப்பா அம்மாவின் போனும் அதில் இருக்க வேண்டும்.

பையனும் பெண்ணும்

பருவம் எய்திய பிறகு பெண்களுக்கு மனச்சோர்வு ஆண்களைப்போல ஏறக்குறைய இரு மடங்கு வருகிறது என்பது உலகெங்கும் கண்ட உண்மை. ஹார்மோன் ஒரு பங்கு. நம் ஊரில் மீதிப் பங்கை நாமே சேர்க்கிறோம். சடங்கு முடிந்த மறுநாளிலிருந்து விளையாட்டு நின்றுபோகும், போகும் வழிக்கெல்லாம் கணக்குக் கேட்கப்படும். அன்று பெண் பிள்ளைதான் முதலில் ஆபீசுக்கு அனுப்பப்பட்டாள், அவள் கூலியில் தம்பி படித்தான். இன்று அவள் படிக்கிறாள். அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரி போனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022இல் வந்திருக்கிறது. ஆனால் வீட்டு வேலையில் பாதி இன்னும் அவளுடையது. வரன் பேச்சு ப்ளஸ் டூ முடியும் முன்பே எட்டிப்பார்க்கிறது.

பையன்களிடம் மனச்சோர்வு வேறு முகத்தோடு வரும். அழ மாட்டான். எரிந்து விழுவான், பள்ளிக்கு மட்டம் போடுவான், பைக்கை வெறித்தனமாக ஓட்டுவான், குடியில் கை வைப்பான். வளரிளம் பருவத்தில் சோகத்தைவிட எரிச்சல்தான் முன்னே தெரியும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். “திமிர் பிடிச்சவன்” என்று நாம் பட்டம் கட்டும் பையன்களில் எத்தனை பேருக்கு உதவி தேவைப்படுகிறதோ.

இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து முகம் வாடியிருப்பது, எப்போதும் ஆசைப்பட்ட விளையாட்டும் நண்பர்களும் வேண்டாமென்பது, சாப்பாடும் தூக்கமும் மாறிப்போவது, காரணம் தெரியாத தலைவலி, வயிற்றுவலி, “நான் எதுக்கும் லாயக்கில்லை” என்ற பேச்சு. இவை சேர்ந்து தெரிந்தால் கவனிக்க வேண்டும். “நான் இல்லாம இருந்தா நல்லாயிருக்கும்” என்று ஒரு பிள்ளை சொன்னால் அதை விளையாட்டாக எடுக்கக் கூடாது. அந்த நேரத்திலேயே பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் வளராது. கேட்டவரிடம் பிள்ளைக்கு ஒரு பிடி கிடைக்கும்.

இன்று போவதற்கு இடம் இருக்கிறது

அன்று இந்த வட்டாரத்துக்காரர் மனநல மருத்துவரைப் பார்க்க மதுரைக்குத்தான் பஸ் ஏற வேண்டும். இன்று மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2017 மனநலச் சட்டம், உயிரை மாய்க்க முயன்றவரைக் குற்றவாளியாகப் பார்க்காமல் கடும் மன உளைச்சலில் இருப்பவராகக் கருதி அரசு கவனிக்க வேண்டும் என்கிறது. 14416 என்ற மனநல உதவி எண்ணில் இரவு பகல் எப்போதும், காசில்லாமல், தமிழிலேயே பேசலாம். 104 மருத்துவ உதவி எண்ணும், பிள்ளைகளுக்கான 1098 எண்ணும் உண்டு. இந்த மூன்று எண்களும் ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும், ஒவ்வொரு பயராபீஸ் வாசலிலும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.

மனச்சோர்வு தீரக்கூடியது. ஆலோசனை, பேச்சு சிகிச்சை, தேவைப்பட்டால் மருந்து. பெரும்பாலான பிள்ளைகள் தேறி எழுகிறார்கள். ஆனால் மனச்சோர்வு உள்ளவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் சிகிச்சையே கிடைக்கவில்லை என்றது அதே நிம்ஹான்ஸ் ஆய்வு. ‘பைத்தியம்’ என்ற பேர் வந்துவிடும், நாளைக்கு வரன் அமையாது என்ற பயம் ஒரு பக்கம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் காத்திருக்க முடியாத நிலை இன்னொரு பக்கம்.

வண்டியைக் காலி செய்தவர்கள் நாம்தான்

1985இல் யாராவது சிவகாசியில் நின்று, இன்னும் முப்பது வருடத்தில் எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்குப் போகும் என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். ஏழை வீட்டுப் பிள்ளை வேலைக்குப் போவது விதி என்று படித்தவர்களே சொன்ன காலம் அது. அந்த விதி மாறியது, வெறும் நல்லெண்ணத்தால் மாறவில்லை. பிள்ளைகளை எண்ணினார்கள். யார் பொறுப்பு என்று சட்டத்தில் எழுதினார்கள். மீறினால் அபராதம் என்றார்கள். பணம் ஒதுக்கினார்கள். வீடு தேடிப் போக ஆள் வைத்தார்கள். அந்த ஐந்தையும் மனநலத்துக்குச் செய்யலாம்.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், நூறு மாணவர்களோ அதற்கு மேலோ இருக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதியான ஆலோசகர் இருக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் தந்துவிட்டது. விருதுநகர் மாவட்டம் அதை முதலில் முழுமையாகச் செய்து காட்டட்டும். தேர்ச்சி விழுக்காட்டைக் கணக்கெடுக்கும் அதே கூட்டத்தில், இந்த மாதம் எத்தனை பிள்ளைகள் ஆலோசகரைப் பார்த்தார்கள் என்றும் தலைமையாசிரியரிடம் கேட்கட்டும். வெடிவிபத்து நடந்தால் தீயணைப்பு வண்டியோடு மனநலக் குழுவும் கிளம்பட்டும். தொழிலாளர் நல நிதியில் ஒரு பங்கு தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளின் மனநலத்துக்கு என்று எழுதப்படட்டும். பட்டாசு உற்பத்தியாளர்கள் இதில் கை கொடுத்தால் அது பெரிய செலவாகாது.

இந்த மண்ணுக்கு இது புதிதும் இல்லை. காமராசர் படித்த விருதுநகர் சத்திரிய வித்யாசாலையை, வீட்டுக்கு வீடு ஒதுக்கிய பிடி அரிசியைக் கொண்டு நடத்தியவர்கள் நம் முன்னோர். சமைக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனியே வைத்தால் ஊர்ப் பிள்ளைகள் படிக்கலாம் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். அப்பாவை இழந்து, பள்ளியைப் பாதியில் விட்டு, மாமாவின் ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போன சிறுவன்தான் பின்னாளில் முதலமைச்சராகி, பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவழைக்க மதிய உணவு போட்டான். பசியோடு இருக்கும் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. மனம் சோர்ந்த பிள்ளைக்கும் படிப்பு ஏறாது என்பதை நாம் தெரிந்துகொண்டால் போதும்.

அதற்கு அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆபீசிலிருந்து களைத்து வரும் அப்பாவோ அம்மாவோ, “இன்னிக்கு என்ன மார்க்?” என்று கேட்பதற்கு முன் “இன்னிக்கு எப்படி இருந்தே?” என்று கேட்டு, பதில் வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்தால் அதுவே முதல் சிகிச்சை. நம்பிப் பேச ஒரே ஒரு பெரியவர் இருந்தாலும் பிள்ளைக்கு அது பெரிய பாதுகாப்பு. அந்த ஒருவர் அம்மாவாக இருக்கலாம், தாத்தாவாக இருக்கலாம், கணக்கு டீச்சராக இருக்கலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று பார்ப்பதுதான், பிள்ளைகளை ஆபீசிலிருந்து மீட்ட இந்த வட்டாரத்துக்கு மிச்சமிருக்கும் வேலை.